மஹபூப் பாஷாவின் இரண்டாவது லாட்

ஆம்பூரில் மஹபூப் பாஷாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: அவர் பார்த்து அனுப்பிய சரக்கு திரும்பி வந்ததே இல்லை. ஷூ ஃபேக்டரியில் அவர் செலக்‌ஷன் சூப்பர்வைசர். தோலை மேசைமேல் விரித்து, தோலின் முகமான வழவழப்பான மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்து, மூலையில் சாக்பீஸால் ‘ஓகே’ என்று கீறிவிட்டால் அது ஜெர்மனி போய்ச் சேர்ந்த மாதிரிதான். இந்தப் பெருமையை ஊர் சொல்லாத நேரங்களில் அவரே சொல்லிக்கொள்வார்.

வீட்டில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. மனைவி முனவ்வர் பேகம் வாணியம்பாடிக்காரி. அவள் பிறந்த வீட்டில் ஆளுக்கொரு பட்டம், அலமாரி நிறைய உருதுப் புத்தகம். பாஷாவின் அப்பா அதாவுல்லாவோ டேனரியில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டியவர். அந்த அப்பா ஒரு கவிதை எழுதினார், தோல் வியாபாரிகள் சபையின் உருது மாதப் பத்திரிகையில் அது அச்சிலும் வந்தது என்று கல்யாணமான புதிதில் பாஷா வாய்தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மாமனார் வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர், “இன்னா பாய், அந்தக் கவிதை இன்னும் கெடைக்கலியா?” என்று கேட்காமல் பிரியாணியில் கை வைப்பதில்லை. முனவ்வர் கேட்க மாட்டாள். தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள், அதுதான் அவருக்கு ஜாஸ்தி வலிக்கும்.

தானே தேடிப் பார்க்கவும் வழியில்லை. பாஷா படித்தது தமிழ் மீடியம். உருது பேசுவார், கேட்டால் புரியும். ஆனால் எழுத்தைப் பார்த்தால் எறும்பு ஊர்வது போலத்தான் இருக்கும்.

அதனால் 2003இல் சபையின் செயலாளர் இஷ்தியாக் அகமது கூப்பிட்டு அனுப்பியபோது பாஷாவுக்குத் தலைகால் புரியவில்லை. சபைக்கு ஒரு நூலகம் உண்டு. நூலகர் ஓய்வு பெற்ற பிறகு, சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பம் எடுக்க மட்டும் அதைத் திறப்பார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு முதலாளி வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, ‘இதையெல்லாம் டிஜிட்டைஸ் பண்ணணும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அப்படியென்றால் என்ன என்று செயலாளர் கேட்கவில்லை. யார் சீக்கிரம் முடிப்பார்கள் என்று மட்டும் யோசித்தார்.

“மெட்ராஸ் கம்பெனிக்காரன் ஒரு வருஷம் ஆவும்ங்கறான். நீ இன்னா சொல்றே பாஷா?”

“ரம்ஜானுக்கு முன்னாடி முடிச்சிக் குடுக்கறேன் சாப். ஒண்ணே ஒண்ணு. எங்கப்பா கவிதை அந்தப் பத்திரிகைல இருக்கு. தெறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் அதைக் காட்டணும்.”

“ஒண்ணு இன்னா, பத்து காட்டு. ஆனா ஸ்கேன் ஆன பேப்பரு அங்க இருக்கக் கூடாது. அந்த ரூமு கம்ப்யூட்டர் சென்டருக்கு வேணும்.”

பாஷா ஃபேக்டரியிலிருந்து நாலைந்து பெண்களை அழைத்துவந்து நூலகத்தில் உட்கார வைத்தார். பத்திரிகைகளின் பைண்டிங்கை, தோல் சீவுகிற ரம்பி கத்தியால் பிரித்தாயிற்று. ஒவ்வொரு தாளும் இனி ஒரு ‘பீஸ்’. ஸ்கேனர் பொறுப்பு அக்சாவுக்கு. சர்ச் ஸ்கூலில் படித்த கெட்டிக்காரப் பெண். அவள் தாளை வைத்தாள், எடுத்தாள், திருப்பி வைத்தாள், எடுத்தாள். பாஷாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“திருப்பிக்கினே இருந்தா எப்பம்மா முடியும்? தோல்ல இன்னா செய்றோம்? மொகம் பூரா முடிச்சிட்டுதானே உள்பக்கம்? மொத லாட்டு மொகம். எல்லாம் ஆனப்பறம் ரெண்டாவது லாட்டு முதுகு.”

“சரி சார்.”

“ஆன கட்டு மேல ஓகே போட்டுடு. ஓகே போட்ட சரக்கு சாயங்காலம் மேசை மேல நிக்கக் கூடாது.”

இந்தக் கடைசி வாக்கியம் ஃபேக்டரிப் பழக்கம், தானாக வாயில் வந்துவிட்டது. போதாததற்கு அதை அட்டையில் எழுதிச் சுவரிலும் மாட்டினார். பார்க்க வந்த செயலாளருக்குக் கண் கலங்கியது. “லைப்ரரின்னா இப்டி இருக்கணும்ப்பா, சும்மா லைன் மாதிரி ஓடுது!” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெர்மன்காரன் அவசர ஆர்டர் ஒன்று போட்டான். பாஷாவை ஃபேக்டரிக்கு இழுத்துக்கொண்டார்கள். அவர் போனாலும் அட்டை போகவில்லை. தினமும் முகம் முடிந்த கட்டுகளில் அக்சா ஓகே போட்டாள், சாயங்காலம் சபை வேன் வந்து அள்ளிக்கொண்டு போனது. இந்த ஊரில் ஓகே போட்ட எந்தச் சரக்குக்கும் போகிற இடம் ஒன்றுதான்: பேக்கிங் செக்‌ஷன். அங்கே ஷூவின் மூக்கு அமுங்காமல் இருக்க உள்ளே அடைக்கிற டிஷ்யூ பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. ஜெர்மன்காரனோ அவசரம் என்கிறான். வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துப் பார்த்தார்கள், பழைய மை கொஞ்சமும் ஒட்டவில்லை. பாஸ் போட்டுவிட்டார்கள்.

ஷிப்மெண்ட் அனுப்பிவிட்டு நூலகத்துக்குத் திரும்பிய பாஷா, காலி மேசையையும் பெருக்கித் துடைத்த தரையையும் பார்த்து ஒரு கணம் பூரித்துத்தான் போனார்.

“ரெண்டாவது லாட்டு எங்கம்மா அடுக்கி வெச்சிருக்கே?”

“ஓகே போட்டதெல்லாம் போய்டுச்சே சார்.” அக்சா சுவரில் இருந்த அட்டையைக் காட்டினாள். “நானே கேக்கலாம்னு இருந்தேன். நீங்க எழுதினதாச்சேன்னு...”

பேக்கிங் செக்‌ஷனுக்கு ஓடினார். அட்டைப்பெட்டிகளை ஏற்றிய லாரி துறைமுகத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மிச்சமிருந்த சில ஜோடிகளுக்குள் விரலை விட்டுக் கசங்கிய தாள்களை உருவினார். தொடைமேல் வைத்து நீவிப் பார்த்தார். இதில் எது அப்பாவுடையது, எது விளம்பரம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. பேக்கிங் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, படிக்கத் தெரியாததற்காக வாழ்க்கையில் முதல் முறையாக அழுதார்.

செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். இஷ்தியாக் அகமது தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல பாதி இருக்குல்ல?”

“பாதிதான் இருக்கு சாப்.”

“அப்பறம் இன்னா பேஜாரு? இந்த ஊர்ல எவன் பக்கத்தைத் திருப்பப் போறான்?”

திறப்பு விழாவுக்கு மாமனார் வீடே வந்திருந்தது. பெண்கள் வரிசையில் முன்னால் முனவ்வர். சபைப் பள்ளியின் உருது டீச்சர் அம்பரீன் கம்ப்யூட்டரில் தேடிக் கவிதையைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். திரையில் ஒரு பக்கத்தின் அடியில், ‘சுண்ணாம்புக் குழித் தொழிலாளி அதாவுல்லா’ என்ற பெயரும் கீழே இரண்டு வரியும். அம்பரீன் நிதானமாகப் படித்தார்:

*சுண்ணாம்புக் குழியில் என் கைரேகை அழிந்துவிட்டது.*
*இனி என் எதிர்காலத்தை எதில் படிப்பார்கள்? சொல்கிறேன், கேளுங்கள்.*

“வாஹ்! வாஹ்!” என்று அரங்கம் எழுந்தது. முறைப்படி இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள், படித்தார். மச்சான்கள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். “ஆகே? ஆகே?” என்று அடுத்த வரியைக் கேட்டது கூட்டம். அம்பரீன் பட்டனைத் தட்டினார். திரையில் வந்தது அந்த மாத ஆட்டுத்தோல் விலை நிலவரம். முதலாளிகளில் பாதிப் பேர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

செயலாளர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார். “பெரிய கவிஞருங்க கம்மியாத்தான் சொல்வாங்க!” என்றார். கைத்தட்டல் ஓய நேரமாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முனவ்வர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

“நான் சிரிச்சதெல்லாம் தப்புங்க. மாமா எழுதினாருதான். எங்க வீட்டுல ஒருத்தரும் இப்டி எழுதினதில்ல.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாஷா அத்தனை வருஷம் காத்திருந்தார். அதை அனுபவிக்கக்கூட விடாமல் அவள் அடுத்ததைக் கேட்டாள்.

“அப்பறம் இன்னா சொல்றாரு? ரேகை போனவனோட எதிர்காலத்தை எதுல படிக்கறதாம்?”

“அது ஷிப்மெண்ட்ல போய்டுச்சு,” என்றார் பாஷா. அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கவுமில்லை.

வேலையைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்ததற்காகச் சபை பாஷாவுக்கு ஒரு ஷீல்டு கொடுத்தது. அந்தக் கம்ப்யூட்டரில் பாதிப் பக்கங்கள் இல்லையென்று இதுவரை ஒருவரும் புகார் செய்யவில்லை. புகார் செய்ய வேண்டுமானால் முதலில் படிக்க வேண்டுமே.

பாஷா இன்றும் ஃபேக்டரியில் அதே மேசை முன்னால்தான் நிற்கிறார். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைத் தொழுகையில், சரக்கு எதுவும் திரும்பி வந்துவிடக் கூடாது என்று துஆ செய்வார். இப்போது வேறு கேட்கிறார். ஜெர்மன்காரன் ஏதாவது குறை கண்டுபிடிக்கட்டும், தையல் கோணல் என்று சொல்லட்டும், அந்த வருஷத்துப் பெட்டி ஒன்றே ஒன்றைத் திருப்பி அனுப்பட்டும் என்று கை ஏந்திக் கேட்கிறார்.

இன்னும் வரவில்லை. அவர் பார்த்து அனுப்பிய சரக்கு திரும்பி வந்ததே இல்லை.