சித்தப்பா விற்ற கார்

சாவியைத் திருகியதும் மீட்டருக்குள் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணையும். வண்டி கிளம்பிய பிறகும் ஒன்று மட்டும் அணையாமல் நிற்கும். இன்ஜின் வடிவத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு. சித்தப்பாவின் வெள்ளைக் காரில் அது அணைக்க அணைக்க எரிந்துகொண்டே இருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது ஒரு நாற்றம்தான். செத்த எலியும் மல்லிகை சென்ட்டும் கலந்த நாற்றம்.

அருப்புக்கோட்டையில் சித்தப்பாவுக்குத் தானியக் கடை. பரளச்சி, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளையும் கம்பும் சோளமும் உளுந்தும் மூடை மூடையாக வந்து இறங்கும். அப்பா இறந்தபின் நான் அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு முப்பது வயது இருக்கும். காரைக் குடோனை ஒட்டித்தான் நிறுத்துவோம். தானியம் கிடக்கும் இடத்தில் எலிக்குப் பஞ்சமா? குடோனில் வயிறு நிறையத் தின்றுவிட்டு, சூடு ஆறாத இன்ஜினுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, பல்லுக்கு வேலையாக வயரைக் கடித்திருக்கின்றன. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் விளக்கு எரிந்தபோது மெக்கானிக் ஒரு கருவியைச் சொருகிப் பார்த்து, சென்சார் என்றார். மாற்றினோம். நான்காம் நாள் திரும்ப எரிந்தது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் பக்கத்துக் கடைக்காரர். அதையும் பார்த்தோம். கருவியைச் சொருகிப் பதிவான கோளாறை அழித்தால் விளக்கு அணையும். இரண்டு நாள் சும்மா இருக்கும், பிறகு மறுபடியும் எரியும்.

ஒருநாள் காருக்குள் உட்கார முடியாதபடி வாடை அடித்தது. மெக்கானிக் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே சாக்கு நூலும் கம்புத் தவிடும் பஞ்சுமாக ஒரு கூடு, சுற்றிலும் புழுக்கை. கூட்டுக்கு அடியில் ஊதிப்போன எலி ஒன்று. குறடால் இழுத்தபோது அதன் தோல் மட்டும் குறடோடு வந்தது. சித்தப்பா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். வயர்கள் செம்பு தெரியும் அளவுக்கு உரிந்து கிடந்தன.

"மொதலாளி, ஒண்ணு ரெண்டு வயரு இல்ல. மொத்த வயரிங்கையும் மாத்தணும். இல்லேன்னா ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஆஃப் ஆயிரும்," என்றார் மெக்கானிக்.

சித்தப்பா கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார். "லைட்டை மட்டும் அமத்திக் குடுப்பா. விக்கப்போற வண்டிக்கு எதுக்கு அம்புட்டும்?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் குடோன் கதவைப் பார்த்தேன்.

வாங்க வந்தவர்கள் வெளியாட்கள் என்றால்கூட என் மனசு ஒருவேளை ஆறியிருக்கும். எங்கள் கடையில் முப்பது வருடம் மூடை தூக்கிய பெரியவரின் மகள்தான் வாங்க வந்தார். பெரியவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரம் இரண்டு தடவை விருதுநகரில் டயாலிசிஸ். பரளச்சியிலிருந்து பஸ் மாறிப் போய்த் திரும்புவதற்குள் அவர் துவண்டுவிடுவார். மகள் தையல் கம்பெனியில் வேலை பார்த்தார், மருமகன் டிரைவர். சொந்தமாக ஒரு கார் இருந்தால் அப்பாவைப் படுக்கவைத்தே கூட்டிப்போகலாம் என்பது அந்தப் பெண்ணின் ஆசை. பழைய முதலாளி கார் விற்கிறார் என்று கேள்விப்பட்டதும் வேறு எங்கும் விசாரிக்காமல் நேரே வந்துவிட்டார்கள்.

அன்று காலையில்தான் விளக்கை அணைத்திருந்தோம். சித்தப்பா சொன்னபடி மல்லிகை சென்ட் டப்பா ஒன்றை முன்னால் ஒட்டியிருந்தேன். திருச்சுழி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன். பின்சீட்டிலிருந்து அந்தப் பெண், வண்டியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். நம்ம வீட்டு வண்டி, நம்பி எடுக்கலாம் என்று சொன்னேன். சித்தப்பா எனக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வார்த்தை என் வாயிலிருந்து தானாக வந்தது. அதுதான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாவது வாரம், பாலவனத்தம் தாண்டி நட்டநடு வெயிலில் கார் நின்றுவிட்டது. மருமகன் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார், கிளம்பவில்லை. பெரியவரைச் சீமைக்கருவேல மரத்தடியில் படுக்கவைத்து, மகள் முந்தானையால் விசிறியிருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. கடைசியில் ஒரு லோடு ஆட்டோவை மறித்து, வெங்காய மூடைகளுக்கு நடுவே கிடத்திக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார்.

நான்காம் நாள் மகள் கடைக்கு வந்தார். வியாபாரிகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சத்தம் போடவில்லை. வாங்கிய சில நாளிலேயே மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்து நடந்ததையெல்லாம் நேரே சித்தப்பாவிடம் சொன்னார். மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும், ஓட்டுகிற பக்குவத்தில் இருக்கிறது என்றார் சித்தப்பா. பேசும்போது ஒரு கைப்பிடி உளுந்தை எடுத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. எங்களுக்கு ஓட்டிக் காட்டுறதுக்கு முந்தி அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சும்மா. எங்களுக்குத் தெரியும்," என்றேன்.

அவர் முகத்தில் நன்றியெல்லாம் தெரியவில்லை. காலில் மிதிபட்ட எதையோ பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு நொடி எனக்குள் எழுந்த நிம்மதி அந்தப் பார்வையில் செத்துப்போனது. வியாபாரிகள் முன்னால் பேச்சு வளர வேண்டாம் என்று சித்தப்பா காரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வாங்கிய பணத்தை முழுசாகக் கொடுத்துவிட்டார். அவர்கள் போனபிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஏலே, யாரு சோத்தத் திங்குறேங்கிற நெனப்பு இருக்கட்டும்."

இரண்டு வாரத்தில் அந்தக் காரைக் கழுவி, விளக்கை அணைத்து, ஒரு புரோக்கர் மூலம் வெளியூர்க்காரர் யாருக்கோ விற்றுவிட்டார். அந்த ஆள் யார், எந்த ரோட்டில் நின்றார் என்று எனக்குத் தெரியாது. சித்தப்பா இன்றும் திடமாகத்தான் இருக்கிறார். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை நாற்காலி. நாணயமான வியாபாரி என்று யாராவது சொல்லும்போது தலையைத் தாழ்த்திச் சிரித்துக்கொள்வார். என் தோளில் கைபோடுவார். அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, உடம்பு மட்டும் கூசும்.

கார் திரும்பி வந்த மாதம் பெரியவரைப் பார்க்கப் பரளச்சிக்குப் போயிருந்தேன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, முதலாளி வீட்டுப் பிள்ளை தன்னைத் தேடி வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். முகம் வீங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி. தெரிஞ்சா எனக்குப் போயி குடுப்பாகளா? விசயத்தச் சொன்னதும் வண்டியத் திருப்பி எடுத்துக்கிட்டாகளே, அந்த மனசு யாருக்கு வரும்?"

வாசற்படியில் மகள் நின்றிருந்தார். நான் ஆமாம் என்பதுபோல் தலையாட்டினேன்.

கிளம்பும்போது மகள் பைக் வரைக்கும் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அப்பாகிட்ட நான் சொல்லலண்ணே. ஒங்க கடையில மூடை தூக்குனத இன்னும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்காரு. அதையும் எதுக்குப் புடுங்கணும்? நீங்க இனிமே வராதீக."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். அந்தக் கடையை விட்டு வெளியே வர எனக்கு மேற்கொண்டு ஒரு வருடம் ஆனது.