தெரசா அக்கா டி.வி.யை மூடிவைத்த நாற்பத்தாறு நாள்

"பார்கவி, எம்பிள்ளைக்குக் காது கேக்குதா, கேக்கலையா? நீ படிச்ச புள்ளதான, சொல்லு."

தெரசா அக்கா என்னிடம் இப்படிக் கேட்டது 1997 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரத்தில். பிளஸ் டூவில் காதின் படம் வரைந்து பாகம் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் எதிரே பாயில் உட்கார்ந்திருந்த அபிஷாவுக்குப் பத்தொன்பது மாதம் ஆகியும் ஒரு வார்த்தை வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. அந்தக் காதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாங்கள் பேட்டையில் குடியிருக்கிறோம். அப்பா டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நான் பிளஸ் டூ முடித்தும், கேட்ட படிப்பு கிடைக்காமல், கிடைத்த படிப்புக்கும் போகாமல் ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். எங்கள் வீட்டில் கேபிள் கிடையாது. அடுத்த வீட்டில் இருந்தது. அதுதான் தெரசா அக்கா வீடு. காலையில் பத்து மணிக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவேன்.

அக்காவுக்கு இருபத்துநாலு வயது. சொந்த ஊர் உவரி. அவளுடைய அப்பாவும் அண்ணன்களும் கடலுக்குப் போகிறவர்கள். அவளைக் கட்டிய ஹென்றி அண்ணனும் அவர்கள் ஆட்கள்தான். ஆனால் அவருடைய அப்பா காலத்திலேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார்கள். அண்ணன் இங்கே எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். காலை எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்தால் சாயங்காலம் ஆறரைக்குத்தான் வருவார். அதுவரை அந்த இரண்டு அறை வீட்டில் அக்காவும் பிள்ளையும் டி.வி.யும்தான்.

டி.வி. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. காலையில் பால் காய்ச்சும்போது போட்டால், சாயங்காலம் ஜெபமாலை சொல்ல உட்காரும்போதுதான் அணைப்பாள். அவள் அதை உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அடுப்படியில் நிற்பாள், துணி அலசுவாள், அது பாட்டுக்கு ஓடும். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"எங்க ஊர்ல கடல் சத்தம் நிக்கவே நிக்காது புள்ள. தூங்கினாலும் கேக்கும், சண்டை போட்டாலும் கேக்கும். இங்கன ஆம்பளையெல்லாம் வேலைக்குப் போனப் பொறவு தெரு செத்துப் போயிருது. பிள்ளைக்குத் துணையா ஏதாச்சும் சத்தம் கெடக்கட்டும்."

அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அக்காவின் பேச்சைக் கேட்டால் பேட்டையில் சிரிப்பார்கள். அவர்கள் ஊர்ச் சொல் நிறைய வரும். வேகமும் அதிகம், காற்றுக்கு எதிரே நின்று பேசிப் பழகிய சத்தம். ஹென்றி அண்ணனே கேலி செய்வார். "ஏட்டி, பைய பேசு. நான் பக்கத்துலதான் நிக்கேன், நடுக்கடல்ல இல்ல" என்பார். பிள்ளை பிறந்த பிறகு, "இது டவுண் பிள்ளை மாதிரி பேசணும், உன்னை மாதிரி பேசிச்சுன்னா ஸ்கூல்ல டீச்சரே ஓடிருவாவ" என்று ஒருமுறை சொன்னார். அவருக்கு அது வேடிக்கை. அக்கா அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் டி.வி.யில் டால்பின் துள்ளுவதைக் காட்டினார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக் காட்டி, "அந்தா பாரு ஓங்கல், ஓங்கல்" என்றாள். அது கடற்கரைச் சொல் என்று தெரியாமல் நான் சிரித்துவிட்டேன்.

"அப்படி ஒரு வார்த்தையே கெடையாதுக்கா. அது டால்பின். தப்புத் தப்பா சொல்லிக்கொடுக்காதிய."

அக்கா பிள்ளையைக் கீழே விட்டாள். "எனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரிய ஆள் மாதிரி நான் ஒரு யோசனையும் சொன்னேன். "பேசாம டி.வி. முன்னால உக்கார வைங்க. செய்தி வாசிக்கிறவங்க எவ்வளவு சுத்தமா பேசுதாங்க. நாள் பூரா கேட்டா தானா வந்துரும். நான் இந்தி அப்படித்தான் கத்துக்கிட்டேன்." நான் கற்றுக்கொண்டது சோப்பு விளம்பரத்து இந்தி. அதைச் சொல்லவில்லை.

அதன்பிறகு அக்கா பிள்ளையிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சோறு ஊட்டுவாள், குளிப்பாட்டுவாள், முத்தம் கொடுப்பாள், எல்லாம் வாயை மூடிக்கொண்டு. ஏதாவது சொல்ல வாய் திறப்பாள், என்னைப் பார்ப்பாள், நிறுத்திக்கொள்வாள். நான் அப்போது கவனிக்கவில்லை. எனக்குத் திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தது.

தை மாதக் கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். டாக்டர் அபிஷாவின் காதுக்குப் பின்னால் சாவிக்கொத்தை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்டினார். அப்போதும் திரும்பினாள்.

"நல்லா கேக்குது. சில பிள்ளைங்க பேச லேட்டாகும். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

திரும்பி வரும்போது டவுண் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். வண்ணாரப்பேட்டை தாண்டியதும் சொன்னாள், "சாவிக்குத் திரும்புது. விளம்பரத்துக்குத் திரும்புது. பெத்தவ கூப்பிட்டா மட்டும் திரும்பல. நான் என்ன பாவம் செஞ்சேன்?"

பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை நான் வழக்கம்போலப் போனேன். வீட்டில் சத்தமே இல்லை. டி.வி. மேல் ஒரு கத்திரிப்பூ நிறச் சேலையை நான்காக மடித்துப் போட்டிருந்தாள். அக்கா நெற்றியில் சாம்பல்.

"என்னக்கா, எங்கப்பா மாதிரி விபூதி பூசியிருக்கிய?"

"இன்னைக்கு விபூதிப் புதன்லா. தவசு காலம் தொடங்கியாச்சு. எல்லாரும் கறி விடுவாவ, சிலபேர் பீடி விடுவாவ. நான் டி.வி.யை விட்டுட்டேன். பிள்ளைக்குப் பேச்சு வரணும்னு மாதாவுக்கு நேர்ந்திருக்கேன். பாஸ்கு வரைக்கும், அதான் ஈஸ்டர் வரைக்கும், இது ஓடாது. உனக்கு வேணும்னா வேற வீடு பாத்துக்க."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேறு வீடு கிடைக்கவில்லை. பழக்கத்தில் அங்கேயே போய் உட்கார்ந்தேன்.

ஹென்றி அண்ணனுக்கு இன்னும் கஷ்டம். முதல் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்று காலண்டரோடு வந்தார்.

"இங்க பாரு தெரசா, தவசு நாப்பது நாள்தான. புதன்ல இருந்து பாஸ்கு வரைக்கும் எண்ணு. நாப்பத்தாறு வருது. ஏன்? ஞாயித்துக்கிழமை கணக்குல கெடையாது. சந்தேகம்னா சாமியார்ட்ட கேளு."

"சாமியார் கேபிளுக்குப் பணம் கட்டலயே. நான் நாப்பத்தாறும் சேத்துத்தான் நேர்ந்திருக்கேன்."

"எனக்கும் சேத்து நேர உன்னை ஆரு சொன்னா?"

"பிள்ளை உங்களுக்கும் சேத்துத்தான."

அண்ணன் காலண்டரை ஆணியில் மாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

முதல் வாரம் அபிஷா படுத்தியபாடு கொஞ்சமில்லை. டி.வி. முன்னால் போய் நின்று சேலையை இழுப்பாள், பெட்டியை உள்ளங்கையால் அடிப்பாள், அழுவாள். அக்காவுக்கு அந்த அமைதி பிள்ளையின் அழுகையைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது. இரண்டாவது வாரம் அவளை அறியாமலே வாய் திறந்தது. முதலில் தனக்குத்தானே. "உப்பு எங்கன வச்சேன்... இந்தா இருக்கு." பிறகு பிள்ளையிடம். "வாடை முடிஞ்சிட்டு பாத்துக்க. இனி கொண்டல் காத்து. கச்சான் காத்து அடிச்சா எங்க வீட்டுல சோத்துல மண்ணு விழும். தாத்தா திட்டிக்கிட்டே திம்பாவ." பாத்திரம் தேய்க்கும்போது பேச்சு, தலை துவட்டும்போது பேச்சு. வேகமும் சத்தமும் உவரியில் இருந்த மாதிரியே இருந்திருக்கும்.

ஒரு இடத்தில் நான் திருத்தப் போனேன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள், "விடு புள்ள. வாயில வருது. இதையும் அடக்கினா எனக்குக் கிறுக்குப் பிடிச்சிரும்."

நான் வாயை மூடிக்கொண்டேன். டி.வி. இல்லாததால் எனக்குப் பார்க்க அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். அதனால்தான் கண்ணில் பட்டது. அக்கா பேசும்போது அபிஷா அவள் வாயையே பார்த்தாள். மூன்றாவது வாரம், அடுப்படியிலிருந்து அக்கா "அபிஷா, எங்கட்டி போன?" என்றதும் தலையைத் திருப்பினாள். அக்காவிடம் சொன்னேன். நம்பவில்லை. அடுப்படிக்குப் போய் மறுபடி கூப்பிட்டாள். பிள்ளை தவழ்ந்தும் நடந்தும் அடுப்படிக்கே போய்விட்டது.

பேச்சு மட்டும் வரவில்லை. நாள் குறையக் குறைய அக்கா ஒருவேளைச் சாப்பாட்டையும் விட்டாள். பாஸ்கு வந்து ஒன்றும் நடக்காவிட்டால் இவள் உடைந்துவிடுவாளே என்று எனக்குப் பயம்.

பாஸ்குவுக்கு ஒன்பது நாள் இருந்தது, குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. மீன்காரர் வந்தார். அக்கா சாளை வாங்கிப் பின்வாசலில் உட்கார்ந்து ஆய்ந்தாள். எங்கள் வீட்டில் மீன் கிடையாது. மீன் ஆயும்போது நான் மட்டும் நிலைப்படியோடு நின்றுகொள்வேன். வாசனை அங்கேயும் வரும், இருந்தாலும் எனக்கு நானே வைத்துக்கொண்ட எல்லை அது. பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்திருந்தது. அக்கா ஒவ்வொரு தலையாகக் கிள்ளி எறிந்து, "இந்தா, கொண்டு ஓடு. இந்தா, உனக்குத்தான்" என்று அதனோடும் பேசிக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபிஷா ஒரு மீன்தலையை எடுத்தாள். பூனைக்கு நேரே நீட்டினாள்.

"ந்தா" என்றாள்.

அக்காவின் கை நின்றுவிட்டது. கத்தியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "பார்கவி, நீயா சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நான் இல்லக்கா."

பூனை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அபிஷா இன்னொரு தலையை எடுத்தாள். பூனை இல்லை. சுற்றிப் பார்த்தாள். நான்தான் நின்றேன். அவள் எழுந்து, தள்ளாடி, நிலைப்படிக்கு வந்து கையைத் தூக்கினாள்.

"ந்தா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் முகம் கெஞ்சியது. நான் குனிந்து, கையை நீட்டி, அந்த மீன்தலையை வாங்கிக்கொண்டேன். சில்லென்று வழுக்கலாக இருந்தது. அபிஷா சிரித்துக்கொண்டு அடுத்ததை எடுக்கப் போனாள். அன்றைக்கு எனக்கு ஏழு தலை கிடைத்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே, "வாங்கு புள்ள, வாங்கு, வாங்காம விட்டா நிறுத்திருவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது அபிஷா அவருடைய செருப்பை எடுத்து அவரிடமே நீட்டி "ந்தா" என்றாள். அவர் செருப்போடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அக்காவிடம், "உன்னை மாதிரியே சொல்லுதாட்டி" என்றார். இந்தமுறை கேலி இல்லை.

பாஸ்கு அன்று அண்ணன் சேலையை எடுத்துவிட்டு டி.வி.யைப் போட்டார். அக்கா செய்தி முடிந்ததும் அணைத்தாள். அவர் மறுபடி போடவில்லை.

எனக்குத் தோன்றியதை அக்காவிடம் சொன்னேன். "டி.வி. பேசும், ஆனா பிள்ளை திரும்பிப் பாத்தா அது பதில் சொல்லாது. நீங்க பேசினதாலதான்க்கா வந்துச்சு."

"மாதா குடுத்தா" என்றாள் அக்கா.

"நீங்கதான பேசினிய."

"என்னைப் பேச வச்சது ஆரு? அதைச் சொல்லு."

அவள் நம்பிக்கை அவளுக்கு. ஆனால் அவளை வாயடைக்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதை அவளிடமே சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சும்மா கெட, காப்பி குடி" என்றாள்.

இப்போது ஆடி மாதம். அபிஷாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. முப்பது சொல்லுக்கு மேல் வருகிறது, இரண்டு சொல்லைச் சேர்க்கவும் பார்க்கிறாள். மற்ற பிள்ளைகளைவிடக் கொஞ்சம் பின்னால்தான் இருக்கிறாள், ஆனால் எட்டிப் பிடித்துவிடுவாள் என்று டாக்டர் சொன்னார்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தெருவிலும் ஏதோ ஒரு வீட்டில் காலையிலிருந்து டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், அதன் முன்னால் ஒரு கைப்பிள்ளை உட்கார்ந்திருக்கும். அந்த அம்மாவுக்கு இதை எடுத்து வாசிக்க நேரம் இருக்காது. நீங்கள் ஒருநாள் போய், குறை சொல்லாமல், தெரசா அக்காவின் கதையை வாயால் சொல்லுங்கள். பிள்ளையிடம் அவள் பேசுவது எந்த ஊர்ப் பேச்சாக இருந்தாலும் அது போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவளை அடுத்த வீட்டுக்கும் சொல்லச் சொல்லுங்கள்.