‘வலிச்சா நல்லதுதான்’ என்று சொன்னவள் நான்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம், அடைமழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த ஒரு காலையில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் எங்கள் கிராமம் வந்துவிடும். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, வீட்டில் ஒரு தையல் மெஷின். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அந்த வாயால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

கல்யாணமாகி ஏழு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. அந்த ஏழு வருடத்தில் நான் தின்னாத மருந்து கிடையாது. வெறும் வயிற்றில் அரசங்கொழுந்து, யாரோ சொன்ன லேகியம், வாலாஜாபாத்தில் ஒரு ஹோமியோபதி டாக்டர் கொடுத்த வெள்ளை உருண்டைகள். இதெல்லாம் போதாதென்று எங்கள் பம்ப்செட் பக்கத்தில் நின்ற மலைவேம்பு வேறு. மாதவிலக்கான முதல் மூன்று நாள் அதன் இலையை அரைத்துப் பிழிந்து அரை டம்ளர் சாறு குடித்தால் கருக்குழாய் சுத்தமாகும், கரு தங்கும் என்பார்கள். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மாதம் தவறாமல் குடித்தேன்.

எட்டாவது வருடம் மகள் பிறந்தாள். ஊரே வந்து கேட்டது, “இன்னா மருந்து சாப்ட்ட?” என்று. “மலைவேம்புதான்” என்றேன்.

சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அதற்கு முந்தின வருடம் நானும் என் வீட்டுக்காரரும் யாருக்கும் தெரியாமல் சென்னைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டோம். எனக்கு ஒரு குறையும் இல்லை என்றார்கள். குறை அவரிடம் இருந்தது. சின்னதாக ஓர் ஆபரேஷன், அப்புறம் ஆறு மாதம் மாத்திரை. ஊரில் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். “வெளிய தெரிஞ்சா நானு தல காட்ட முடியாதுடி” என்று கண்ணில் தண்ணீர் விட்டார். ஏழு வருடமாக என்னை எல்லாரும் ஜாடை பேசியபோது உங்கள் தலை எங்கே போயிருந்தது என்று கேட்டிருக்கலாம். மனசு வரவில்லை, நல்ல மனுஷர்.

எனக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை. சாறு குடித்தது நிஜம், பிள்ளை பிறந்தது நிஜம். நடுவில் இருந்ததை மட்டும் விழுங்கிவிட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழத்தைத் தள்ளியது காக்கைதான் என்று ஊர் நம்பியது. நானும் சேர்ந்து காக்கைக்கு வக்காலத்து வாங்கினேன்.

அப்புறம் பார்க்கணுமே என் பவுசை! ஜாக்கெட் தைக்க வருகிறவர்களைவிட இலை கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள். ‘எலக்கா’ என்று பெயரே வந்துவிட்டது. பிள்ளைக்குச் சளி, பேதி என்றால்கூட என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் டாக்டர் மாதிரி நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கற்பூரவல்லி கொடு, ஓமத்தண்ணி கொடு என்று சொல்லி அனுப்புவேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி, மாகறல் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண். தினம் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருவாள். நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன், ஊசி என்று லீவு போட்டுப் போட்டு அலுத்துப் போயிருந்தாள். ஒருநாள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவள் கேட்டாள்:

“நீ எந்த ஆஸ்பத்திரில காட்டினக்கா?”

“நானா? நானு ஒரு ஆஸ்பத்திரி வாசலக்கூட மெறிக்கல. எல்லாம் எலதான்.”

இஞ்ச் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவள் கையை அளந்தபடியே சொன்னேன். அடுத்த வாரமே அவள் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாதாமாதம் மூன்று நாள், காலையில் கம்பெனி வண்டி வருவதற்குள் என் வீட்டுக்கு வந்து சாறு குடித்துவிட்டுப் போவாள். நானே அரைத்துக் கொடுப்பேன்.

நான்காவது மாதம்தான் அந்த ஐப்பசி. தீபாவளி ஜாக்கெட்டுகள் மூட்டையாகக் கிடந்தன. வந்து நின்றவள் முகமே சரியில்லை.

“பத்து நாளு தள்ளிப் போயி இப்பதான் ஆயிகீதுக்கா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் படுது. ஆனா வலது பக்கம் அடிவயிறு குத்திக்கினே கீது.”

“வலிச்சா நல்லதுதான். கொழா கிளீன் ஆவுதுன்னு அர்த்தம். மருந்து வேல செய்யுது.”

இப்படித்தான் சொன்னேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. மறுநாள் வலி அதிகமாகியிருந்தது. தோள்பட்டைகூட வலிக்கிறது என்றாள். “நாளெல்லாம் நின்னுக்கினே வேல பண்றியே, வலிக்காம இன்னா பண்ணும்?” என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் சமையல்கட்டில் மிக்ஸியில் இலை ஓடிக்கொண்டிருக்கிறது. கூடத்தில் தொப்பென்று சத்தம். ஓடிவந்து பார்த்தால் தைத்து வைத்திருந்த ஜாக்கெட்டுகள் மேலேயே சரிந்து கிடக்கிறாள். உதட்டில் ரத்தமே இல்லை. தொட்டால் உடம்பு சில்லிட்டு, வேர்த்து ஊற்றுகிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் வீட்டுக்காரர்தான் 108க்குப் போன் போட்டார்.

ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் தம்பி, “மாசமா இருக்காங்களா?” என்று கேட்டார். “இல்லீங்க, வெலக்கு வந்துகீது” என்றேன். அவர் அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், வெள்ளைக் காகிதம் போலிருந்தது. டிரைவர் பக்கம் திரும்பி, “அண்ணே, நிக்காம போங்க” என்றார். வழியெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிற சாமியை எல்லாம் கூப்பிட்டேன். என் கையில் அரைத்த இலையின் பச்சை நாற்றம் போகவே இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஒரு லேடி டாக்டர் வெளியே வந்தார். அவள் கர்ப்பமாக இருந்திருக்கிறாள். கரு கர்ப்பப்பைக்கு வராமல் குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து, வயிறு நிறைய ரத்தம். ஒரு குழாயை எடுத்துவிட்டார்கள். அவள் புருஷன் வேலை செய்கிற இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தவன், சுவரோரம் குந்திவிட்டான். கர்ப்பம்! நான்கு வருடமாக எதற்காக ஏங்கினாளோ அது வந்து வயிற்றில் இருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதை மாதவிலக்கு என்று நினைத்துச் சாறு பிழிந்துகொண்டிருந்தோம்.

“டாக்டர், எல குடிச்சதாலயா இப்படி ஆச்சு?” என்று திக்கித் திக்கிக் கேட்டேன்.

“இல்லம்மா. எலயால வந்தது இல்ல. ஆனா நாள் தள்ளிப் போயிருக்கு, ரெண்டு நாளா வலி. அப்பவே வந்திருக்கணும். வலிச்சா நல்லதுன்னு யாரோ சொன்னாங்களாம். யாரும்மா அது?”

நான் பச்சை படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன். அந்த டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், அவளிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று. “எல குடுத்தது நீ. என் பேர ஏன் நடுவுல இழுக்கற?” என்று எகிறினார். எனக்கு வந்ததே கோபம்! “அவ செத்துப் பூட்டிருந்தா உன் பேர வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?” என்று கத்திவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதே இல்லை. கட்டிலை விட்டு எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

ஆபரேஷனான மூன்றாம் நாள் கஞ்சி எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். திட்டுவாள், போடி என்பாள், செருப்பைக்கூட எடுப்பாள் என்று தயாராகத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பக்கத்தில் கூப்பிட்டு, ரகசியம் போல மெதுவாகச் சொன்னாள்:

“ஒரு கொழா போச்சுக்கா. இன்னொண்ணு நல்லாகீதாம். பாத்தியா, எல வேல செஞ்சிகீது, அதான் கரு நின்னுகீது. தையல் ஆறட்டும், மறுபடியும் அரைச்சிக் குடு. ஒனக்கு குடுத்தது எனுக்கும் குடுக்கும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் விழுந்தபோதுகூட நான் அப்படி ஆடிப் போகவில்லை. செத்துப் பிழைத்து வந்திருக்கிறாள், இன்னும் என்னையே நம்பிக்கொண்டிருக்கிறாள்! கஞ்சித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சென்னை, ஆபரேஷன், ஆறு மாத மாத்திரை, குடலிறக்கம் என்று கட்டிவிட்ட கதை, எல்லாம்.

“அப்போ ஆஸ்பத்திரி வாசல மெறிக்கலன்னு சொன்னது?”

“பொய்.”

அவள் அழவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள். அப்புறம், “அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும்க்கா. தையல் இழுக்குது. கொஞ்சம் புடி” என்றாள். ஒரு கையை முதுகுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்து, என்னைப் பார்க்காத பக்கமாக அவளை நானே திருப்பிப் படுக்க வைத்தேன்.

விஷயம் இரண்டே நாளில் ஊர் முழுக்கப் பரவியது. என் வீட்டுக்காரர் எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் “சோறு போடு” என்றார், அவ்வளவுதான். இப்போதும் யாராவது இலை கேட்டு வந்தால், முதலில் எங்கள் ஆபரேஷன் கதையை முழுசாகச் சொல்கிறேன். நாள் தள்ளிப் போய் வயிறு வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்கிறேன். நான் சொல்ல ஆரம்பித்தால் அவர் எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பெண் மறுபடி ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் நல்ல செய்தி வரவில்லை. ஜாக்கெட்டை வேறு இடத்தில் தைத்துக்கொள்கிறாள். என் வீட்டு மானத்துக்காக நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவள் தன் உடம்பில் ஒன்றை இழந்தாள், என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட அன்று அவளுக்கு என் கைதான் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இன்றும் யாருக்கும் எதையும் ‘நல்லதுதான்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை.