யாரும் ஓட்டாத காரில் அக்காவின் தேயிலைத் தோட்டம்

போன சனிக்கிழமை நான் செத்துப் பிழைத்தேன்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற ரோட்டில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலே ஏறி வந்த பஸ்ஸின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். டிரைவரின் மீசையில் எந்தப் பக்கம் நரை அதிகம் என்று கேளுங்கள், சொல்கிறேன். இந்தப் பத்தியை எழுத நான் மிஞ்சியதே ஆச்சரியம்.

அந்த நேரத்தில் எங்கள் காரை ஓட்டிக்கொண்டிருந்தது யார் தெரியுமா?

யாரும் இல்லை!

இருங்கள், இருங்கள். முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கும் புரியும்.

என் அக்கா ஃபுளோரா, ரிட்டயர்டு டீச்சர். அவள் வீட்டுக்காரர் ஞானராஜ் மாமா குன்னூர் தேயிலை ஏலத்தில் ஒரு புரோக்கர் கம்பெனியின் டீ டேஸ்டராக இருந்தவர். அந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஏலத்துக்கு வருகிற ஒவ்வொரு டீயையும் வரிசையாகக் கோப்பையில் ஊற்றி வைப்பார்கள். டேஸ்டர் ஒரு ஸ்பூன் எடுத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி ‘ஸ்ர்ர்ர்’ என்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு விலை சொல்வார். வாயில் வைக்காத டீக்கு மாமா விலை சொன்னதாகச் சரித்திரமே கிடையாது.

வீட்டிலும் அதே கதைதான். மார்க்கெட்டில் ஒரு சுளை தின்று பார்க்காமல் ஆரஞ்சு வாங்க மாட்டார். சர்ச் திருவிழாவுக்கு பிரியாணி ஆர்டர் கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விட்டார்கள். ஊரில் இருக்கிற எல்லாக் கடையிலும் ருசி பார்த்து, கடைசியில் வயிற்றுவலியில் படுத்து, திருவிழாவுக்கே வரவில்லை!

அப்பேர்ப்பட்ட மனிதர் ரிட்டயர்மென்ட் பணத்தை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்? வெளிநாட்டில் மின்சாரக் கார் செய்கிற ஒரு கம்பெனியின் ஷேரில். அந்தக் காரை ஓட்டியிருக்கிறாரா? இல்லை. ஏறி உட்கார்ந்திருக்கிறாரா? இல்லை. அதன் கதவைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. செல்போனில் பட்டனை அழுத்தினார், முடிந்தது.

எல்லாம் ஒரு வாட்ஸ்ஆப் குரூப் செய்த வேலை. ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், ரிட்டயர்டு எஸ்டேட் மேனேஜர், ஒரு பல் டாக்டர்... இப்படிப் பெரிய மனிதர்கள் சேர்ந்து தினமும் விடிந்தும் விடியாமலும் அந்தக் கம்பெனியைப் பற்றிப் பேசுகிற குரூப். மாமா எனக்கும் படித்துக் காட்டுவார்.

“அம்மிணி, இதைக் கார் கம்பெனின்னு பாக்கக் கூடாது. மூளை செய்யற கம்பெனின்னு பாக்கோணும். காரு சும்மா டப்பா. உள்ள இருக்குது பாரு, தானா ஓட்டற மூளை... அதுக்குத்தான் விலை.”

“அப்புறம் டிரைவர்?”

“டிரைவரா? இனிமேல் டிரைவரே கெடையாது. நீ தூங்கிட்டு இருப்பே. உன்ற காரு அதுவா போயி டாக்ஸி ஓட்டி சம்பாரிச்சிட்டு வந்து ஷெட்ல நிக்கும்.”

என் பையனே அப்படிச் சம்பாதித்துக் கொண்டுவந்து நிற்பதில்லை. கார் நிற்குமாம்!

குரூப்பில் ஒரே ஒருவர் மட்டும், “கம்பெனி இன்னிக்கு விக்கிறது காருதானுங்க. நீங்க விலை குடுக்கறது அது என்னிக்கோ செய்யப்போற மூளைக்கு. அது வராமப் போயிட்டா?” என்று கேட்டிருக்கிறார். பதிலே சொல்லாமல் அவரைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

இதுவரைக்கும் அவர் பணம், அவர் பாடு என்று நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போன மாதம் மாமா அடுத்த குண்டைப் போட்டார். கோத்தகிரிப் பக்கம் அக்கா பெயரில் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. எங்கள் அப்பா கொடுத்தது. அங்கே பறிக்கிற இலை ஃபாக்டரிக்குப் போகிறது. அதில் வருவதை வைத்துத்தான் இப்போது அவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. மாமாவின் பணம்தான் கடல் தாண்டிப் போய்விட்டதே. அந்தத் தோட்டத்தை விற்று, அதையும் ஷேரில் போட வேண்டுமாம்! ரிசார்ட் கட்டுகிற பார்ட்டி தயார். இந்தத் திங்கட்கிழமைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் நாள் குறித்தாயிற்று. அக்கா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அக்கா சண்டை போடவில்லை. அழவும் இல்லை. டீச்சர் இல்லையா? பரீட்சை வைத்தாள்.

“ஏனுங்க, ருசி பாக்காம ஒரு மூட்டை டீ வாங்குனதில்லீங்களே நீங்க. அந்தக் காரு தானா ஓட்டி என்னைய மேட்டுப்பாளையம் கூட்டிப் போயிக் கூட்டிட்டு வரட்டும். நான் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்.”

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். குரூப்புக்குத் தலைவர் கோயம்புத்தூரில் பம்ப்செட் வியாபாரம் செய்கிற சிவக்குமார். அதே கம்பெனிக் காரை வெளிநாட்டிலிருந்து தருவித்து வைத்திருக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு மலையேறி வந்துவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துப்போட்டுக்கொண்டாள் அக்கா.

சிவக்குமார் டிரைவர் சீட்டில். பக்கத்தில் மாமா. பின்னால் அக்காவும் நானும். அக்கா கையில் ஜெபமாலை.

மாமா திரும்பிப் பார்த்தார். “அதெதுக்கு இப்போ? மெஷின் பாத்துக்கும்.”

“மெஷினும் பாக்கட்டும், மாதாவும் பாக்கட்டும். உங்குளுக்கு என்னங்க நட்டம்?”

ஸ்டியரிங்கில் எப்போதும் கை இருக்க வேண்டும் என்று கம்பெனியே புத்தகத்தில் எழுதியிருக்கிறதாமே என்று கேட்டேன். அதை எப்படியோ படித்து வைத்திருந்தேன்.

“அதெல்லாம் வக்கீலுங்களுக்காக எழுதறதுங்க” என்றார் சிவக்குமார். “அப்பப்போ லேசா தொட்டுக் காட்டுனாப் போதும். கொழந்தைக்கு நாம பக்கத்துல இருக்கறோம்னு காட்டறாப்பல.”

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் நானே அசந்துபோனேன். ஸ்டியரிங் தானாகத் திரும்புகிறது. முன்னால் லாரி மெதுவாகப் போனால் காரும் மெதுவாகப் போகிறது. ரோட்டுக் கோட்டிலிருந்து இம்மி விலகவில்லை. மாமா ஒவ்வொரு வளைவுக்கும் திரும்பி, “பாத்தியா? பாத்தியா?” என்றார். பெற்ற பிள்ளை மேடையில் ஆடினால்கூட இவ்வளவு பூரிப்பு வராது. சிவக்குமார் இரண்டு கைகளாலும் செல்போனைப் பிடித்து, குரூப்புக்காக வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

பாதி வழியில் இருக்கிற பர்லியாருக்குக் கொஞ்சம் மேலே மூடுபனி. வளைவுக்கு அந்தப் பக்கம், கீழேயிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. நீளமான ஹாரன். பஸ்.

மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற பஸ் அந்த வளைவில் மொத்த ரோட்டையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். இறங்குகிற வண்டி வளைவுக்கு முன்னாலேயே ஓரமாக நின்று வழிவிட வேண்டும். எங்கள் ஊரில் லைசென்ஸ் இல்லாதவர்களுக்குக்கூட இது தெரியும். மாமா இந்த ரோட்டில் ஆயுசுக்கும் ஓட்டியவர்.

ஹாரன் அவர் காதில் விழுந்தது. பின்னாலிருந்து பார்த்தேன், சத்தியமாக விழுந்தது. “நில்லுங்க” என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் மூடிக்கொண்டார்! ஏன்? சொல்லிவிட்டால் பரீட்சையில் கார் தோற்றுப்போகும். அது தானாகவே நிற்கும், நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சிவக்குமாருக்கும் கேட்டது. அவர் வீடியோவில் இருந்தார். அக்காவுக்கும் கேட்டது. பரீட்சை ஹாலில் டீச்சர் விடை சொல்லித் தரலாமா? சும்மா இருந்தாள். எனக்கும் கேட்டது. இவ்வளவு பெரிய மூளைக்குக் கேட்டிருக்காதா என்று நினைத்தேன்.

நான்கு பெரிய மனிதர்கள். எட்டுக் காதுகள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. 

கார் நிற்கவில்லை. தன் பக்கம் ரோடு காலியாகத்தானே இருக்கிறது என்று சமர்த்தாக வளைவுக்குள் போனது. பனியைக் கிழித்துக்கொண்டு பஸ் எங்கள் பக்கம் வந்தது. அப்போது காருக்குள் ‘டிங்... டிங்...’ என்று இனிமையாக மணி அடித்தது. திரையில் சிவப்பு எழுத்து. இனிமேல் நீங்களே ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தமாம். பாவி! குன்னூரிலிருந்து இவ்வளவு தூரம் கூட்டிவந்து, சரியாக அந்த இடத்தில் எங்களிடம் ஒப்படைத்துவிட்டது.

அக்கா போட்ட “மாதாவே!” பள்ளத்தாக்கில் எதிரொலித்திருக்கும். சிவக்குமார் செல்போனை வீசிவிட்டு பிரேக்கில் ஏறி நின்றார். பஸ் டிரைவரும் நின்றார். நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது.

கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார். “ஏனுங்க, எறங்கற வண்டி நிக்கோணும்னு தெரியாதுங்களா? ஆருங்க ஓட்டறது?”

 மாமா ஜன்னலை இறக்கி, மிகவும் பணிவாகச் சொன்னார்:

“ஆரும் ஓட்டலீங்க.”

கண்டக்டர் மாமாவைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

எப்படியோ காரைப் பின்னுக்கு எடுத்து, வழிவிட்டு, பர்லியார் வந்து பழக்கடை ஓரமாக நிறுத்தினோம்.   ஆளுக்கு ஒரு டீ வாங்கினோம். மாமா வாழ்க்கையில் முதல் முறையாக, ருசி பார்க்காமல், சத்தமில்லாமல் குடித்தார்.

சரி, இப்போதாவது இரண்டு பேரும், “தப்பாப் போச்சு, மன்னிச்சுக்குங்க” என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்களும் அப்படித்தானே எதிர்பார்ப்பீர்கள்?

சிவக்குமார் தொண்டையைச் செருமினார். “ஒரு விதத்துல நல்லதுங்க. இதெல்லாம் கம்பெனிக்குப் போயிருக்கும். நம்மளால அந்த மூளை இன்னிக்கு ஒரு பாடம் கத்துக்கிச்சு.”

 நாங்கள் பாடமா? அடடா, போய்ச் சேர்ந்திருந்தால் இன்னும் நன்றாக மனதில் பதிந்திருக்குமே!

மாமா அவரை விட மேல். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளுத்துக் கிடந்தது. நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்துபோய் ஓடினேன்.

“அம்மிணி, இதைப் பத்தியில கித்தியில எழுதிப் போடாதே. ஷேர் உழுந்துரும்.”

வாரப் பத்திரிகையில் நான் எழுதினால் வெளிநாட்டில் ஷேர் விழும்! என் எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த வாசகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

“உழுந்தாலும் நல்லதுதானுங்க. கம்மி விலைக்கு இன்னும் கொஞ்சம் வாங்கிப்போடலாம்” என்றார், அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்த சிவக்குமார். விழுந்திருந்தால் யார் விழுந்திருப்போம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பணம் போட்டவர்கள் ஒரு பொருளைப் பார்ப்பதும், அதற்குள் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பதும் இவ்வளவு வேறாக இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இத்தனைக்கும் அவர்களும் அதே காருக்குள்தான் இருந்தார்கள்!

குன்னூர் பஸ் வந்தது. மாமா சட்டென்று எழுந்தார்.

“நீங்க கார்ல வாங்க. எனக்கு... கொஞ்சம் தலை சுத்துது. நான் பஸ்ல வந்தர்றேன்.”

சொல்லி முடிப்பதற்குள் ஏறிவிட்டார். அக்காவும் நானும் பின்னாலேயே ஓடி ஏறினோம். சிவக்குமார் தனியாகக் கோயம்புத்தூர் பக்கம் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

பஸ்ஸில் டிரைவருக்கு நேர் பின் சீட்டைப் பிடித்து உட்கார்ந்தார் மாமா. டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நாங்கள் தப்பித்த அந்த வளைவு வந்தது. டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். மேலேயிருந்து இறங்கிய கார்கள் வரிசையாக நின்று வழிவிட்டன. மாமா பெருமூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. மெதுவாக அக்கா பக்கம் சாய்ந்தார்.

“ஃபுளோரா... திங்கக்கெழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எத்தனை மணிக்குக் கெளம்பலாம்?”

 மனிதர் இன்னும் அங்கேயே நிற்கிறார்!

அக்கா ஜெபமாலையைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். பஸ் முழுக்கக் கேட்கிற டீச்சர் குரலில் சொன்னாள்:

“நீங்க திரும்பி ஏறப் பயந்த வண்டியில, என்ற தோட்டத்தை மட்டும் ஏத்தி உடச் சொல்றீங்களா?”

  மாமா குன்னூர் வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை அக்கா ரிஜிஸ்டர் ஆபீஸ் போகவில்லை. கோத்தகிரி பஸ் ஏறி, இலை பறிப்பதைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் மாமா எனக்கு போன் செய்தார். குரலில் அப்படி ஒரு துள்ளல். ஷேர் ஏறியிருக்கிறதாம்!

“சொன்னனில்ல அம்மிணி? நீ எழுதாம இருந்ததுதான் காரணம்.”

எழுதிவிட்டேன், மாமா. கம்பெனி பேரை மட்டும் போடவில்லை. அது உங்களுக்காக.