பிச்சிக்கு மெல்பர்னிலிருந்து தண்ணீர்

போன வாரம் ஊர் வந்து சேர்ந்தோம். டாக்ஸிக்காரர் பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் வசந்தா கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள். நேரே வீட்டின் தென்புறத்துக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். சத்தமே இல்லை. என் மனைவியிடமிருந்து சத்தம் வராவிட்டால் எனக்குப் பயம் வந்துவிடும். பெட்டிகளைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பிச்சிப்பூச் செடி அத்தனையும் செத்துக் கிடந்தது.

வாடியிருந்தது என்று சொல்லவில்லை. வாடினால் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். இது சுள்ளி. கை பட்டால் படக்கென்று ஒடிகிறது. ஒவ்வொரு சுள்ளியின் அடியிலும் சொட்டுநீர் பாய்ச்சும் கறுப்பு டிரிப் குழாய்... புத்தம் புதிதாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் கிடக்கிறது.

சில மாதங்களாக மெல்பர்ன் நகரத்து டிராம், பூங்கா, அங்கே நாய்க்குக் கிடைக்கும் மரியாதை என்றெல்லாம் இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களும் ‘ஆஹா’ என்று கடிதம் போட்டீர்கள். இந்த வாரம் ஆஹாவுக்கு இடமில்லை. வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பிச்சி எங்கள் வீட்டில் நின்றதே தவிர, எங்களுடையது அல்ல. கனியுடையது.

கனி — முழுப்பெயர் ராஜகனி — எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். என்னை அண்ணாச்சி என்பாள். அதனால் வசந்தா அவளுக்கு மைனி. வெளியூர்க்காரர்கள் அண்ணி என்று படித்துக்கொள்ளுங்கள். என் மகன் பிரவீனுக்கு அவள் அத்தை. ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. எங்கள் தோவாளைப் பக்கத்தில் அதற்கெல்லாம் ரத்தம் வேண்டியதுமில்லை.

மண் எங்களுடையது, கிணறு எங்களுடையது. நட்டது, தண்ணீர் பாய்ச்சியது, விடியுமுன் வந்து மொட்டுப் பறித்தது எல்லாம் அவள். பூவும் அவளுக்குத்தான். வசந்தாவின் சாமி படத்துக்கு ஒரு கை அள்ளி வைத்துவிட்டு, மீதியை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோய் அவளே விற்றுக்கொள்வாள். போகிற போக்கில் எங்கள் தென்னை, கொய்யா, வசந்தாவின் குரோட்டன்ஸ் எல்லாவற்றுக்கும் தண்ணீர் காட்டிவிடுவாள். நாங்கள் எத்தனை தடவை வெளியூர் போயிருக்கிறோம்! திரும்பி வரும்போது ஒரு இலை பழுத்திருக்காது. இந்த ஏற்பாட்டுக்கு எழுத்து இல்லை, சாட்சி இல்லை. யாருக்கும் அது தேவைப்படவுமில்லை.

மகனுக்குத் தேவைப்பட்டது.

மருமகளுக்குப் பிரசவ நேரம். வைகாசியில் கிளம்பி ஆவணி முடிந்து திரும்புவதாக ஏற்பாடு. எங்களை அழைத்துப்போக மெல்பர்னிலிருந்து வந்த பிரவீன், வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“யாருமே இல்லாத வீட்டுக்குள்ள ஒரு ஆள் தெனம் வந்து போறது... சேஃப் இல்லப்பா.”

“ஒரு ஆளா? ஏலே, கனியாக்கும் அது.”

“அத்தையத் தப்பா சொல்லலப்பா. ஒரு சிஸ்டம்னு வேணும்லா?”

சிஸ்டம் வந்தது. நாகர்கோவிலிலிருந்து ஆட்கள் வந்து குழாய் பதித்தார்கள். மோட்டாருக்கு ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு வைஃபை. அந்த வைஃபைக்கு இன்வெர்ட்டர். கேட்டில் ஒரு கேமரா, மோட்டார் ரூமில் ஒரு கேமரா. அது பார்க்குமாம், கேட்குமாம், பேசவும் செய்யுமாம். செடிகளைப் பார்க்க மட்டும் கேமரா இல்லை. செடியை யார் திருடப் போகிறார்கள்?

கனியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். பின்பக்கக் கேட்டின் சாவி அவளிடமே இருக்கும், வழக்கம்போல் பூ பறித்துக்கொள்ளலாம், தண்ணீர் தானாக வரும். மோட்டார் சுவிட்சை மட்டும் தொடக் கூடாது. கையால் போட்டால் செட்டிங் கலைந்துவிடும்.

அவள் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். “நல்லதுதான் மக்கா, எனக்கும் வேலை மிச்சம்” என்றாள் பிரவீனிடம். பிறகு வசந்தாவின் பக்கம் திரும்பினாள். “ஓணத்துக்குப் பூ நிக்கணும் மைனி. அது ஒண்ணுதான் எனக்கு.”

தோவாளைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆவணியில் எங்கள் பூவெல்லாம் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகும். வருஷம் முழுக்கப் பறிப்பது வயிற்றுப்பாட்டுக்கு. நாலு காசு கையில் நிற்பது ஓணத்துக்குப் பறிப்பதில்தான். மகளின் கடைசி வருட நர்சிங் படிப்பை அந்த ஓணத்துப் பூவை நம்பித்தான் வைத்திருந்தாள் கனி.

பேத்தி பிறந்தாள். ஆனி போனது, ஆடி வந்தது. வசந்தாவின் போனுக்குக் கனியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்.

“மைனி, சொகமா இருக்கியளா? பிள்ள எப்பிடி இருக்கு? இங்க செடிக்குத் தண்ணியே வரமாட்டேங்கு, கேட்டியளா. காத்து அடிச்சித் தள்ளுது. மண்ணு பொடியாட்டுக் கெடக்கு. மோட்டார ஒரு தடவ போடட்டா? மக்காட்ட கேட்டுச் சொல்லுங்க.”

வசந்தா கேட்டாள். மகன் போனை எடுத்துக் காட்டினான். ஒரு கறுப்பு மேகம், கீழே சாய்வாக மழைக் கோடுகள். ‘இன்று கனமழை. தண்ணீர் பாய்ச்சுவது நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. வாழ்த்துகள், நீங்கள் தண்ணீரைச் சேமிக்கிறீர்கள்!’ என்று இங்கிலீஷில் ஒரு பாராட்டு வேறு. மழை பெய்கிற நாளில் அந்தப் பெட்டி தானே தெரிந்துகொண்டு மோட்டாரைப் போடாதாம். அவ்வளவு புத்தி!

“ஆடியில நமக்கு ஏதுலே மழை?” என்றேன். “அதெல்லாம் மேற்க குலசேகரத்தோட நிண்ணு போவும். நமக்கு வாறது காத்து மட்டும்லா?”

“கிளைமேட் சேஞ்ச்பா.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? டி.வி.யைப் போட்டால் அதுவும் ‘குமரி மாவட்டத்தில் கனமழை’ என்கிறது. மாவட்டத்தில் எந்த மூலையில் என்று யார் சொல்கிறார்கள்? ஒரு மூலையில் குடை பிடித்துக்கொண்டு நடக்கும்போது இன்னொரு மூலையில் கண்ணில் மண் விழும் ஊர் எங்களுடையது. அங்கே இருந்தால் வானத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேன். மெல்பர்னில் எந்த வானத்தைப் பார்ப்பது?

வசந்தா விடவில்லை. “பின்ன கனி ஏன் அப்பிடிச் சொல்லுகா?”

“அத்தை வீட்டுக்குத் தண்ணி வேணுமா இருக்கும்மா. அங்க பைப்புல தெனம் வராதுலா...” என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

பாருங்கள்... கோபம் இல்லை, சண்டை இல்லை. போகிற போக்கில் ஒரு வார்த்தை. கனி தண்ணீர்த் திருடி ஆகிவிட்டாள். ‘போட வேண்டாமாம்’ என்று வசந்தா அவளுக்குப் பதில் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பிரவீனின் போன் ‘டிங்’ என்றது. எடுத்தான். திரையில் எங்கள் மோட்டார் ரூம். கனி சுவிட்சை நோக்கிக் கையை நீட்டுகிறாள். இவன் வாயில் இருந்த சப்பாத்தியை அவசரமாக விழுங்கிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனான்.

“கனியத்தை, மோட்டாரத் தொடாதீங்க. எல்லாம் ரெக்கார்டு ஆகுது.”

அவள் ஷாக் அடித்தவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பிறகு மேலே பார்த்துக் கேமராவைக் கண்டுகொண்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

“ஏலே, கனியாக்கும்லே அது!” என்று கத்தினேன்.

“தெரியும்பா. அதனாலதான் மரியாதையா சொன்னேன்.”

மரியாதை! நல்ல மரியாதை. வசந்தா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். அன்றே கனிக்கு போன் செய்தாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மெசேஜ் அனுப்பினாள், பதில் இல்லை. அதோடு சரி.

இனி போன வாரத்துக்கு வருகிறேன். சுள்ளிகளுக்கு நடுவே நிற்கிறோம். காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கிறது. கண்ணைக் கசக்கிக்கொண்டு கிளம்பும்போது மகன் வசந்தாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த அந்த ஆப்பைத் திறந்தேன். ‘தற்போது மழை பெய்கிறது’ என்றது. எங்கே பெய்கிறது? நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை வெயில். திரையின் மேலே சின்ன எழுத்தில் ஒரு ஊர்ப் பெயர் இருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

திருவனந்தபுரம்.

உடனே மெல்பர்னுக்கு போன். “ஏலே, ஊர் பேரு என்னலே போட்ட?”

“டிரிவாண்ட்ரம்பா. தோவாளைனு அடிச்சா அதுல வரல. யார் கேட்டாலும் நாம டிரிவாண்ட்ரம் பக்கம்னுதானே சொல்லுவோம்?”

உண்மைதான். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். விமானம் இறங்குவது அங்கே, ஆகவே ஊரும் அதுவே. மெல்பர்னில் நானே நாலு பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். பேச்சுக்குச் சொன்னால் ஒரு கேடும் இல்லை. மழைக்குச் சொன்னால்? அங்கே கொட்டு கொட்டென்று கொட்டிய நாளெல்லாம் இங்கே எங்கள் பெட்டி தண்ணீரைச் சேமித்திருக்கிறது. அங்கே வெயிலடித்த நாளில் இங்கே ஏதோ கொஞ்சம் சொட்டியிருக்கும். ஆடிக்காற்றுக்கு அது எந்த மூலைக்கு? தென்னையும் கொய்யாவும் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. பிச்சியால் முடியவில்லை.

என் வீட்டுக் கதை மட்டும்தானா இது? எங்கள் பக்கத்துத் தெருக்களில் நடந்து பாருங்கள். பிள்ளைகள் துபாயில், டொராண்டோவில். வீடு பூட்டிக் கிடக்கிறது, நாலு மூலையிலும் கேமரா. தெருநாய் கேட்டை முகர்ந்தால் கத்தாரில் மணி அடிக்கிறது. திருடன் வந்தால் பார்த்துவிடலாமாம். சரி, எத்தனை திருடனைப் பிடித்தீர்கள்? எங்கள் வீட்டுக் கேமரா பிடித்தது ஒரே ஒருத்தியைத்தான். செடிக்குத் தண்ணீர் விட வந்தவளை.

சாயங்காலம் கனி வீட்டுக்குப் போனோம். வாசலில் உட்கார்ந்து யாருடைய பூவையோ கூலிக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். காப்பி போட்டாள். குழந்தையின் போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். வசந்தாவால்தான் தாங்க முடியவில்லை.

“ஏட்டி கனி, செடியெல்லாம் போச்சேட்டி...”

“கண்டேன் மைனி. தெனமும் கண்டேன்.” நாரை இழுத்து முடிச்சுப் போட்டாள். “குடிக்கப் பிடிச்சு வச்சிருந்த தண்ணியக் கொண்டு ஊத்திப் பாத்தேன். எத்தன நாளைக்கு ஊத்த முடியும்? முடியாமத்தான் மோட்டார் ரூமுக்குப் போனேன். பெறவு அந்த கேட்டுக்குள்ள எனக்குக் காலு வரல்ல.”

“அவன் கெடக்கான் கனி, வெவரம் கெட்டவன்...” என்று நான் ஆரம்பித்தேன்.

“மக்கா சொன்னது போட்டும் அண்ணாச்சி. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துலதானே இருந்திருப்பிய? எனக்குக் கேட்டது ஒரு சத்தம்தான்.”

நான் கத்தினேனே கனி, என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் காதில் விழாத கத்தலுக்கு என்ன மதிப்பு? காப்பியைக் குடித்தேன்.

மகள் படிப்பைப் பற்றி வசந்தா மெல்லக் கேட்டாள். “ஒரு வருசம் நிக்கட்டும்னு சொல்லிட்டேன். நாரோயில்ல ஒரு துணிக்கடை வேலைக்குப் போறா” என்றாள் கனி. படிப்புக்கான பணத்தை நாங்கள் கட்டுகிறோம் என்று வசந்தா சொல்லி முடிக்குமுன்பே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்தக் குழாயை எல்லாம் பிடுங்கி எறிகிறேன், வா, மறுபடி நடுவோம் என்று கெஞ்சினாள் வசந்தா.

“பாப்பம் மைனி” என்றாள்.

எங்கள் ஊரில் ‘பாப்பம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் ‘மாட்டேன்’ என்று படித்துக்கொள்ளுங்கள்.

நேற்று மகன் போன் செய்தான். ஊர்ப் பெயரைச் சரியாக மாற்றிவிட்டானாம். இனிமேல் ஒரு பிரச்சனையும் வராதாம். வரவில்லைதான். வேளை தவறாமல் சுள்ளிகளுக்குத் தண்ணீர் சொட்டுகிறது.

இன்று வெள்ளிக்கிழமை. சாமி படத்துக்குப் பூ வேண்டும் என்று வசந்தா மார்க்கெட்டுக்குப் போனாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவள் பிச்சிப்பூவைக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கனி அங்கே ஒரு கடையில்தான் உட்கார்ந்திருந்தாளாம். “வாங்க மைனி” என்று சிரித்தாளாம். பேத்தி குப்புற விழுந்துவிட்டாளா என்று விசாரித்தாளாம்.

வீட்டுக்கு வந்த வசந்தா பூவைத் தட்டில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாமி படத்துக்குப் போடவில்லை.

“நல்லாத்தானே பேசியிருக்கா... பின்ன என்ன?” என்றேன்.

“அளந்து குடுத்தா” என்றாள்.