குரல் வராத இரண்டு பெட்டிகள்

சித்தப்பாவுக்குப் பெண் கேட்டுப் போன அன்றைக்கு மானாம்பதி வீட்டுக் கூடத்தில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், சித்தப்பா இருந்தார், நான் இருந்தேன். அந்த வீட்டு மனிதர்களில் பெண்ணின் அப்பாவும் அவருடைய மச்சானும் இருந்தார்கள். பெண் இருந்தாளா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கதவிடுக்கில் ஒரு பச்சைத் தாவணியின் ஓரம் தெரிந்தது, அவ்வளவுதான். அத்தை வரவில்லை. நைனாவுக்குத் தங்கையும் சித்தப்பாவுக்கு அக்காவுமான அத்தை, கட்டியவனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது அவளை யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், வராதே என்று சொல்லவும் மாட்டார்கள். வண்டி பூட்டும் சத்தம் கேட்டதும் அவளே கொல்லைப் பக்கம் போய்விடுவாள். அவளுக்கு மட்டும் சரியாக அந்த நேரத்தில் கொல்லையில் வேலை வந்துவிடுகிறதே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சித்தப்பா உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். மானாம்பதிப் பெண்ணைக் கேட்டுப் போனபோது பெண்ணின் அப்பா சுற்றி வளைக்கவில்லை. "நெலத்த உழுதா தொழிலு. ரேடியோவ அவுத்து அவுத்து மூடறது ஒரு தொழிலா?" என்றார். பிறகு, இல்லையென்று ஒரேயடியாக அனுப்ப மனமில்லாதவர் போல, கூடத்து மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைக் காட்டினார். மெட்ராஸில் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் எடுத்தவை. ஒவ்வொன்றும் என் மார்பு உயரம்.

"மோளம் கேக்குது, ஜால்ரா கேக்குது. பாடறவன் மட்டும் செத்துப்பூட்டான். நீ அவன எழுப்பினு வா, பொண்ணப் பத்திப் பேசலாம்" என்றார்.

சித்தப்பா அந்த வாரம் முழுக்க நாள் தவறாமல் சவரம் செய்துகொண்டார்.

பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்பலகையைக் கழற்றியதும் விஷயம் விளங்கிவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று ஸ்பீக்கர்கள். அடியில் இருந்த பெரியது மேளத்துக்கு, உச்சியில் இருந்த சின்னது ஜால்ராவுக்கு. மனிதக் குரல் முக்கால்வாசி வருவது நடுவில் இருப்பதில். அதற்கு மிட்ரேஞ்ச் என்று பேர். ஒரு பெட்டியில் அதன் காகிதத்தை எலி கடித்துக் கூடு கட்டியிருந்தது. மற்றதில் காயில் என்கிற கம்பிச்சுருள் கருகியிருந்தது. "பாடறவன எலி துன்னுட்டுதுடா" என்று சித்தப்பா சிரித்தார். மறுநாளே மெட்ராஸுக்கு பஸ் ஏறி, ரிச்சி தெருவில் அலைந்து, அதே அளவில் புதிதாக ஒரு ஜோடி வாங்கி வந்தார்.

மறுநாள் காலையில் அவை மேசைமேல் கவிழ்ந்திருந்தன. சித்தப்பா குளிக்கப் போயிருந்தார், நான் மட்டும் மேசையருகே உட்கார்ந்திருந்தேன். கூடத்தைப் பெருக்கிக்கொண்டு வந்த அத்தை அவற்றைப் பார்த்து நின்றாள். ஒன்றின் முதுகில், கம்பி பற்றவைக்கும் இடத்தருகே, சிவப்பாக ஒரு பொட்டு. மற்றதில் ஒன்றும் இல்லை.

"இன்னாடா இது, உன் சித்தப்பன் ஒன்னுக்கு மட்டும் பொட்டு வெச்சிக்கினு கீறான்? நல்ல காரியத்துக்குப் போற பொருளு. இன்னொன்ன மூளியா வுடலாமா?"

சுற்றுமுற்றும் பார்த்தாள். சாமி மாடத்திலிருந்த அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்து, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்தாள். இரண்டையும் பெண்ணும் மாப்பிள்ளையும் போல எதிரெதிரே திருப்பி வைத்து, இதில் பொட்டு இந்தப் பக்கம் என்றால் அதில் அந்தப் பக்கம் இருந்தால்தான் ஜோடி என்று தீர்மானித்து, மோதிர விரலால் அழுத்தமாக வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலைச் சேலையில் துடைக்காமல் கொல்லைக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

சித்தப்பா வந்து உட்கார்ந்தார். சிவப்புக் கம்பியைச் சிவப்புப் பொட்டு இருந்த பக்கம், கறுப்பை மறுபக்கம் என்று இரண்டையும் கவனமாகப் பற்றவைத்து மாட்டி மூடினார். எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் இணைக்க முடியும். முதல் பெட்டி பாடியது. கழற்றிவிட்டு அடுத்ததை இணைத்தார். அதுவும் பாடியது. பெருக்கிக்கொண்டிருந்த அத்தை துடைப்பத்தோடு நின்று கேட்டாள்.

வாடகை வண்டி வைத்து, பெட்டிகளோடு நாங்களும் மானாம்பதிக்குப் போய் இறங்கினோம். பெண்ணின் அப்பா முதலில் கேட்டது பெட்டியைப் பற்றியல்ல.

"கெளம்பசொல்ல எதிர்ல யார் வந்தா?"

"நெறகொடம் மாமா" என்றார் நைனா, தயாராக.

அந்த வீட்டுக் கருவியில் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து பாடும். சித்தப்பா இணைத்தார். ரெக்கார்டு போட்டார். பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்து இரண்டு பெட்டிகளுக்கும் நேர் நடுவில் போட்டு உட்கார்ந்தார். இடது பெட்டியோரம் நைனா, வலது பெட்டியோரம் மச்சான். பாட்டு தொடங்கியது.

"பாடறவன் எங்கய்யா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இன்னா மாமா, கணீர்னு பாடறானே" என்றார் நைனா.

"ஆமா மாமா, இங்க ஜோராத்தான் கேக்குது" என்றார் மச்சானும்.

"எனக்குக் கெணத்துக்குள்ள முணுமுணுக்கற மாதிரி கீது. அப்ப நான் செவுடா?"

இந்த இடத்தில் நைனா பேசாமல் இருந்திருக்கலாம். "வயசாச்சின்னா எல்லாருக்கும் வர்றதுதான மாமா" என்றார். அம்மா அவர் முழங்கையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். மச்சான் சிரித்துவிட்டார். பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை.

சித்தப்பா நாற்காலிக்கு அருகில் போய்க் குந்தி, அவர் காதின் உயரத்தில் தன் காதை வைத்துக் கேட்டார். அவர் முகம் மாறியது. பாட்டை நிறுத்தி, ஒரு டார்ச் செல் வாங்கி, பலகைகளைக் கழற்றினார். செல்லின் இரண்டு முனைகளையும் கம்பிகளில் தொட்டபோது ஒரு பெட்டியின் நடு ஸ்பீக்கர் வெளியே தள்ளியது. அதே மாதிரி தொட்டும் மற்றது உள்ளே இழுத்துக்கொண்டது.

இரண்டாவதை வெளியே எடுத்துத் திருப்பினார். சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டினார். அது கம்பெனி வைத்த அடையாளச் சாயமாக இருந்தால் சுரண்ட வந்திருக்காது. வந்தது. விரல் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு சிவப்பு ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரே உற்சாகம். சித்தப்பா மேல் தப்பே இல்லை என்று சொல்ல எனக்குத்தான் தெரியும். "சித்தப்பா, அது நம்ம அத்த..." என்று ஆரம்பித்தேன்.

"டேய், போய்க் குடிக்கத் தண்ணி வாங்கினு வா. ஓடு."

உள்ளே போனேன். பச்சைத் தாவணி போட்ட அக்கா சொம்பை நீட்டியபடி மெதுவாகக் கேட்டாள். "இன்னாவாம்? சரியாயிடுமா?"

"ஆயிடும்க்கா" என்றேன்.

திரும்பி வந்தபோது சித்தப்பா தலை குனிந்து பற்றவைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். "என் தப்புதான் மாமா. ஒயர மாத்தி வெச்சிட்டேன். ஒன்னு தள்ளசொல்ல இன்னொன்னும் தள்ளணும். இது இழுக்குது, அதான் நடுவுல குரல் செத்துப்போச்சி. ஓரத்துல கீறவங்களுக்குத் தெரியாது. உங்க காதுதான் கரெக்டு." தண்ணீரை அவர் குடிக்கவேயில்லை.

"பாத்தியாடா" என்று பெண்ணின் அப்பா மச்சானைத் திரும்பிப் பார்த்தார். "என் காது நல்லாத்தான் கீது. மெக்கானிக்குக்குத்தான் கண்ணு செரியில்ல."

மறுபடி ரெக்கார்டு சுற்றியது. இந்தத் தடவை குரல் இரண்டு பெட்டிகளிலிருந்தும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே, வெறும் சுவரருகே, ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவது போல வந்தது. பெண்ணின் அப்பா கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும் எழுந்து துண்டை உதறினார்.

"பெட்டி பாடுது, இல்லங்கல. ஆனா கீறதே ரெண்டு ஒயரு. அதுலயே மாத்தி வெக்கறவன நம்பி இன்னாத்தச் சொல்றது? யோசிச்சி சொல்லி அனுப்பறேன்." பிறகு பணத்தை எடுத்தார். "பொருளு வெலயாவது வாங்கிக்க."

"வேணாம் மாமா" என்றார் சித்தப்பா.

சொல்லி அனுப்புகிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று நைனாவுக்குத் தெரிந்திருந்தது. வண்டியில் வரும் வழியெல்லாம் திட்டினார். "கண்ண எங்கடா வெச்சினு வேல செஞ்ச? குடுக்கற காசையும் வேணாம்னு வேற சொல்ற!" சித்தப்பா வண்டியின் பின்பக்கம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கடந்துபோன பாதையையே பார்த்து வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தை பொட்டு வைத்த கதையை இப்போதாவது சொல்லலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். மெல்லத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

அத்தை சோறு போட்டு வைத்துக் காத்திருந்தாள். நைனாவும் அம்மாவும் கை கழுவப் போன இடைவெளியில் கேட்டாள்.

"இன்னாடா சொன்னாங்க?"

"ஜாதகம் ஒத்துவரலயாம்க்கா."

அங்கே யாரும் ஜாதகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கம்பியை மாற்றி வைத்ததைத் தன் அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டு அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். அவருக்காக எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"பெட்டி பாடிச்சா?"

"பாடிச்சிக்கா. ஆள் எதிர்ல குந்திக்கினு பாடற மாதிரி பாடிச்சி."

அத்தையின் முகம் தெளிந்தது. "அப்பறம் இன்னா. வேற எடம் அமையாமயா பூடும். கைக்காசு எவ்ளோடா போச்சி?"

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். ஸ்பீக்கர் இரண்டும் தொண்ணூறு, மெட்ராஸ் போய்வர பஸ் சார்ஜ் பன்னிரண்டு, ஈயமும் ஒயரும் நாலு, வண்டி வாடகை பன்னிரண்டு. எங்கள் வீட்டில் கணக்குப் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் மனதுக்குள் கூட்டி, மொத்தம் ஆன செலவை இரைந்து சொன்னேன்: நூற்றுப் பதினெட்டு ரூபாய்.