வேதவல்லி கேட்டு வாங்கிய வசனம்

செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வேதா அக்காவின் மகன்.

"டீச்சர், அம்மா போயிட்டாங்க. ஆஸ்பத்திரில பக்கத்துப் பெட்டுக்காரம்மாகிட்ட இன்னாவோ கேட்டுகினு இருந்தாங்களாம். அந்தம்மா பதில் சொல்லி முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, மூச்சில்ல."

அப்படி என்ன கேட்டிருப்பார் என்பதுதான் என் மனதில் முதலில் ஓடியது. முகப்பேரில் பேருந்து ஏறி உட்கார்ந்த பிறகே அழுகை வந்தது.

நடிகை வேதவல்லியை உங்களில் பலர் திரையில் பார்த்திருப்பீர்கள். பருத்திப்பட்டில் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்களும், தொழிற்சாலைக் குடியிருப்பு நாடக மன்றத்தில் அவரோடு நடித்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். நான் அவருக்கு மூன்று வருடம் வசனம் எழுதியவள். அவரை முழுதாகத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

அவர் கணவர் பாதுகாப்புத் தொழிற்சாலையில் கடைசல் மெஷின் ஓட்டும் டர்னர். குடியிருப்பு ஆண்டு விழா நாடகத்துக்கு வரவேண்டிய நடிகை வராமல் போனபோது, முன்வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த வேதா அக்காவை மேடையேற்றிவிட்டார்கள். ஒத்திகைகளை வேடிக்கை பார்த்தே மொத்த வசனத்தையும் மனப்பாடம் செய்திருந்தார். அங்கிருந்து கோடம்பாக்கம். எண்பதுகளின் தொடக்கத்தில் மூன்று நான்கு வருடம் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றார். சந்தையில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி, சாவு வீட்டில் ஒருத்தி.

அந்தச் சாவு வீடுதான் அவரைத் தூக்கிவிட்டது. பிணமாகப் படுத்திருந்தவரைச் சுற்றி இருபது பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழ, இவர் மட்டும் அழாமல் முந்தானையால் பிணத்தின் முகத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இயக்குநர் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, "யாரும்மா உன்னை இப்படிச் செய்யச் சொன்னது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார். எவ்ளோ அழுதாலும் ஈ வந்து குந்திக்குமே. யாராச்சும் ஓட்டணுமில்ல?"

கேமரா அவர் பக்கம் திரும்பியது. அதன் பிறகு அவருக்குப் பெயருள்ள பாத்திரங்கள் வரத் தொடங்கின.

தொண்ணூறுகளின் நடுவில் வாரத் தொடர் ஒன்றில் மாமியாராக வந்தார். வசனம் நான். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் எழுத்து. அந்த மாமியார் சொல்லும் ஒரு வசனம் ஊரெங்கும் பரவியது: "செருப்பைக் கழட்டுற மாதிரி சிரிப்பையும் வாசல்லயே கழட்டி வச்சிட்டு உள்ள வா." ஆட்டோவில் கேட்டேன், என் வகுப்பறையில்கூடக் கேட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் ஆவடி ரயில் நிலையத்தில் பூக்காரம்மா அவருக்குப் பூ தர மறுத்துவிட்டார். "உனக்கா? அந்தப் பொண்ணை அந்தப் பாடு படுத்துற. உன் தலைக்கு இன்னாத்துக்குப் பூ?" வேதா அக்காவுக்குக் கோபமே வரவில்லை. அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எந்த வாரத்துலேர்ந்துமா என்னைப் புடிக்காமப் போச்சு?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு ரயில்கள் போயின. மூன்றாவதில் ஏறும்போது அவர் தலையில் பூ இருந்தது.

அதே வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பருத்திப்பட்டில் அவர் வீட்டில் இருந்தபோது சுமதி என்ற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். திருநின்றவூரிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? வாராவாரம் நீங்க இன்னா பேசுறீங்களோ அதையே மறுநாள் எங்க மாமியா என்னாண்ட பேசுது. முன்னல்லாம் அதுக்குத் திட்டவே தெரியாது. மூஞ்சியத் தூக்கிவச்சிக்கும், அவ்ளோதான். இப்ப உங்களப் பாத்துப் பாத்துக் கத்துகிச்சு. சிரிப்பைக் கழட்டி வைன்னு தெனம் சொல்லுது. கொஞ்சம் கம்மியா பேசுங்கக்கா."

என் காது சூடானது. வேதா அக்கா என் பக்கம் கை காட்டவில்லை. "உங்க மாமியாரை நான் பாக்கணுமே" என்றார்.

அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். ஏரிக்கரையை ஒட்டி ஒரு வாடகை வீடு. மாமியார்க்காரி ஓடிவந்து வேதா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வாம்மா, எங்க ஊட்டுக்கு லட்சுமி வந்த மாறி கீது! நீ பேசுறதெல்லாம் ஞாயம்மா. என் மன்சுல கீறத நீ பேசுற. எனக்குத்தான் வாய் வராது." சுமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். வேதா அக்கா அந்த அம்மாளிடம் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். கல்யாணமாகி வந்தபோது என்ன வயது, முதல் நாள் யார் சோறு போட்டார்கள், மகன் வேலையிலிருந்து வந்ததும் முதலில் யார் பெயரைக் கூப்பிடுவான். கடைசிக் கேள்விக்கு மட்டும் அந்த அம்மாள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும் ரயிலில் வேதா அக்கா என்னிடம் கேட்டார்: "டீச்சரம்மா, அந்தச் சிரிப்பு வசனம் உங்களுக்கு எங்க கெடச்சுது?"

கற்பனை என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "எங்க வீட்டுல. அம்மா எங்க அண்ணியைச் சொன்னது."

"அப்ப நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?"

"படிச்சிக்கிட்டிருந்தேன்."

"இன்னா புக்கு?"

அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்குப் புத்தகத்தின் பெயர் நினைவில்லை. ஆவடி வந்ததும் இறங்கும் முன், "அம்மா இருக்காங்கல்ல? ஏன் அப்டிச் சொன்னீங்கன்னு கேளுங்களேன். கேட்டுட்டு, அந்தத் திருநின்றவூரம்மா எடுத்து வீச முடியாத வசனமா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்.

அம்மா அப்போது அம்பத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் கேட்டேன். நான் எப்போ சொன்னேன் என்றாள் முதலில். அடுத்த கொத்தை எடுத்து உருவினாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள்: "அவ சிரிச்சா எனக்கு பயமா இருக்கும். அவங்க ரெண்டு பேரும் சிரிக்கிறப்போ நான் எந்த அறையில இருக்கணும்னு தெரியாது."

அதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இயக்குநருக்குப் பிடிக்கவில்லை. "மாமியாருக்கு பயமா? அப்புறம் யார் பாப்பாங்க?" என்றார். வேதா அக்கா, "ஒரே ஒரு தபா பேசிக் காட்றேன் சார், வேணாம்னா வெட்டிடுங்க" என்றார். மருமகளின் புடவையை மடித்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல், துணிக்கொடிக்குச் சொல்வதுபோல் சொன்னார். இயக்குநர் அதை வெட்டவில்லை. அது அப்படியே ஒளிபரப்பானது.

ஆனால் இயக்குநர் சொன்னதிலும் உண்மை இருந்தது. கெட்ட மாமியார் போதும், அழுகிற மாமியார் வேண்டாம் என்று கடிதங்கள் வந்தன. அதிலிருந்து ஐந்தாவது வாரம் மாமியாரைச் சாகடித்தார்கள். மாலை போட்ட தன் படத்தை வேதா அக்கா நெருங்கிப் போய்ப் பார்த்தார். "இது எப்ப புடிச்சது? மூக்குத்தியே இல்லியே." அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவருக்குச் சொல்லும்படியான வேடம் எதுவும் கிடைக்கவில்லை. என்னைத் தவிர வேறு யாரையும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை.

சுமதி சில மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை தானாக உட்கார்ந்தாள். "அந்த வாரம் பாத்துட்டு எங்க மாமியா எழுந்து வெளிய போயிடுச்சிக்கா. அதுலேர்ந்து டீவிய மூடிடுச்சி. இப்ப சொந்தமாத்தான் திட்டுது, பாதியில நின்னுடுது" என்று சிரித்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். உன் மாமியார் மாறியதற்கு நம் வசனம்தான் காரணமா என்று ஆசையோடு கேட்டேன். "தெரியலக்கா. நான் காலைல ஏழு மணிக்கே ரயிலேறிட்றேனே, அதனாலயும் இருக்கும்" என்றாள். வேதா அக்காவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று. சட்டைப் பொத்தானுக்குக் காஜா போடும் மெஷின் எப்படி ஓடும் என்று அவளிடம் கேட்க ஆரம்பித்தார்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். பக்கத்துப் படுக்கைகளின் கதையையெல்லாம் எனக்குச் சொல்லி முடித்தார். "எல்லாரையும் கேக்குறீங்களே அக்கா, உங்களுக்கு எதைக் கண்டா பயம்?" என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. "இந்தக் கேள்விய என்னாண்ட யாரும் கேட்டதில்ல டீச்சரம்மா. சும்மா வாய்க்கு வந்தத சொல்லக் கூடாது. யோசிச்சி வெக்கிறேன், அடுத்த தபா வாங்க" என்றார்.

அடுத்த முறை நான் போனது அவரை எடுக்கும் அன்றைக்கு.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று, அவர் அனுப்பியிராவிட்டால் என் தாயிடமிருந்து நான் கேட்டே இருக்க முடியாத ஒரு வாக்கியம். மற்றது, அவர் யோசித்து வைத்திருக்கக்கூடிய அந்தப் பதில். அது என்னவாக இருக்கும் என்று தினமும் ஒன்று நினைக்கிறேன். எதுவும் அவர் சொல்லியிருக்கக்கூடியது போல இல்லை.